மாதாவுக்குக் கீழே சோறு

மெத்தை குளியலறைக் கதவுக்குள் பாதி போய்ச் சிக்கிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கீழே படிக்கட்டில் வீட்டுக்காரி சிஞ்ஞோரா கத்தரீனாவின் குதிச் செருப்புச் சத்தம் கேட்டதும் செலஸ்ரீனா தோளைக் கொடுத்து முட்டினாள்.

"மாமி, தள்ளுங்கோ!"

"நான் எங்கை தள்ளுறன், மெத்தையெல்லோ என்னைத் தள்ளுது!" என்றார் விமலராணி மாமி. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கை தளர்ந்து மெத்தை இன்னும் இறுகியது.

எல்லாம் செலஸ்ரீனா செய்த வேலை. மன்னாரில் இருக்கும் அப்பாவை இத்தாலிக்குக் கூப்பிடுவதென்றால் வாடகை ஒப்பந்தம் பதிய வேண்டும். பதிவதென்றால், வீடு எவ்வளவு மின்சாரமும் எரிவாயுவும் தின்னும் என்று ஒரு சான்றிதழ் வேண்டும். அதை எடுக்க வேண்டியவள் வீட்டுக்காரி.

"இந்தக் கால்சாப் பகுதியிலை, இந்தப் பழைய வீட்டுக்குச் சான்றிதழோ? ஜன்னலாலை காத்து வாறதைப் பார், அதுதான் சான்றிதழ்!" என்று சிஞ்ஞோரா கையை விரித்துவிட்டாள்.

வீட்டில் இத்தாலியன் ஒழுங்காகத் தெரிந்த ஒரே ஆள், பதினைந்து வயதுச் செலஸ்ரீனாதான். அவள் போனில் சட்டத்தைத் தேடிப் படித்தாள். சில கட்டிடங்களுக்குச் சான்றிதழே தேவையில்லையாம். கராஜ், இடிந்த வீடு, வழிபாட்டு இடம்.

வழிபாட்டு இடம்! பலெர்மோத் தமிழ்க் கத்தோலிக்கரின் மாதா சுரூபம் கிழமைக்கொரு வீடாகப் போய்த் தங்கும். எந்த வீட்டில் மாதாவோ அங்கே செபமாலை. அந்தக் கிழமை மாதா இவர்கள் வீட்டில்.

"சிஞ்ஞோரா, எங்கடை வீடு ஒரு கோயில்" என்று அவள் சொன்னதும் கத்தரீனா துள்ளிக் குதித்தாள். வீடு அளந்து பத்திரம் எழுதும் தன் மச்சானைக் கூட்டிவந்து காட்டினால் அவன் எழுதித் தந்துவிடுவானாம். அம்மா மரியமலர் உடனே செபமாலைப் பெண்களுக்கெல்லாம் போன் போட்டுவிட்டாள். மச்சான் வருமுன் கட்டில், மெத்தையெல்லாம் கண்ணில் படாமல் ஒளிக்க வேண்டியிருந்தது.

மாமி முதுகைக் கொடுத்து ஒரு இடி இடித்தார். மெத்தை உள்ளே விழுந்தது, மாமியும் அதன் மேலே. "நான் இதிலையே கிடக்கிறன், நீ போ பிள்ளை!"

செலஸ்ரீனா கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது மச்சான் வாசலில் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மெழுகுதிரிச் சூட்டிலும் பெண்களின் மூச்சிலும் அது மங்கிப்போயிருந்தது.

"ஹீற்றர் இல்லாமலே இவ்வளவு சூடோ!" என்றான்.

"அருள் நிறைந்த மரியே..." என்று அறை முழங்கியது. கட்டில் கிடந்த இடத்தில் இப்போது பீடம், நிலம்வரை தொங்கும் வெள்ளைச் சேலை, மேலே மாதா. கத்தரீனா பெருமையோடு மச்சானை இடித்தாள். "பார்த்தியா? கோயில்!"

அப்போதுதான் மாதாவின் காலடியிலிருந்து வெண்புகை எழும்பியது. மெல்ல மெல்ல முகம்வரை ஏறியது. கத்தரீனா சிலுவை போட்டு, தொப்பென்று முழந்தாளில் விழுந்தாள்.

"அற்புதம்! மதோன்னா, மாதாவே!"

அது சோற்றின் ஆவி என்று செலஸ்ரீனாவுக்குத் தெரிந்துவிட்டது. செபம் முடிய எல்லாருக்கும் சாப்பாடு கொடுக்க வேண்டுமென்று அம்மா ரைஸ் குக்கரைப் பீடத்துக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தாள். நிற்பாட்ட மறந்துவிட்டாள்.

"டக்" என்றது குக்கர்.

"ஆமென்!" என்று பெண்கள் கத்தினார்கள்.

மச்சான் மூக்கை உறிஞ்சினான். ஏலக்காயும் கறுவாவும் மணத்தன. அவன் குனிந்து சேலையைத் தூக்கினான். குளியலறைக்குள்ளிருந்து மாமியின் சிரிப்பு வெடித்தது. அதோடு எல்லாருக்கும் வெடித்தது. மச்சானுக்கு வயிறு குலுங்கியது, கத்தரீனா நிலத்திலிருந்தபடியே கண்ணீர் வரச் சிரித்தாள். செலஸ்ரீனாவும் சிரித்தாள், தப்பிவிட்டோம் என்று.

மச்சான் கண்ணைத் துடைத்தான். "சரி பிள்ளை, எனக்குப் பிரச்சினையில்லை. கோயில் எண்டே எழுதித் தாறன், சான்றிதழ் தேவையில்லை. ஆனால் கோயிலிலை ஆக்கள் குடியிருக்கேலாது. கோயிலுக்கு ஒருத்தரைக் குடும்பமாய்க் கூப்பிடவும் ஏலாது. வீடு எண்டு எழுதினால் சான்றிதழ் வேணும்."

கத்தரீனாவின் சிரிப்பு நின்றது. "சான்றிதழுக்கு நான் ஒரு சதமும் குடுக்கமாட்டன்" என்றாள்.

இத்தாலியன் விளங்காத பெண்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா குக்கரைத் திறந்து, மச்சானுக்கு ஒரு கோப்பை நிறையச் சோறு போட்டு நீட்டினாள். வேர்த்த முகமெல்லாம் மலர்ச்சி. மகளின் காதோடு குனிந்தாள்.

"என்னவாமடி? அப்பா வரலாமாமோ?"