பதினாறு துண்டு ஜன்னல்

"அம்மா, நம்ம ஜன்னலை யாரோ கட்டியிருக்காங்க."

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. துணி மடித்துக்கொண்டிருந்த தாய் தலையைத் தூக்கவில்லை. ஒன்பது வயது மகளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் அந்தக் கணினி விளையாட்டுக்கு அனுமதி. சதுரம் சதுரமான பிளாக்குகளை அடுக்கி என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். போன வாரம் யாரோ நாலு மாடி உயரத்தில் பல்துலக்கி கட்டியிருந்தார்கள். இந்த வாரம் ஜன்னல் போலிருக்கிறது என்று நினைத்து, ம் கொட்டினாள்.

"ஜன்னல் மாதிரி இல்லம்மா. நம்மளதேதான். உன் விரல்கூட இருக்கு."

மடியிலிருந்த துணியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

அந்த விளையாட்டு நடக்கும் சர்வரில் தாய்க்கு நத்தை என்று பெயர். நூற்றைம்பது பேர் கூடி விளையாடும் இடம். விளையாட்டோடு வரும் பிளாக்குகள் அலுத்துப்போனவர்களுக்குப் புதிதாகச் செய்துகொடுப்பது அவள் வேலை. துருப்பிடித்த தகரம், ஈரச் சுவர், விரிசல் விட்ட ஓடு என்று எதைப் பார்த்தாலும் போனில் படம் எடுப்பாள், சதுரமாக வெட்டுவாள், பிளாக்கின் முகத்தில் ஒட்டுவாள். நத்தை செய்த பிளாக் என்றால் தொட்டால் கை ஈரமாகும் என்று பையன்கள் பேசிக்கொள்வார்கள்.

போன மாதம் ஒரு கண்ணாடி பிளாக் செய்தாள். வெளியே போகச் சோம்பல். வாசல் வராந்தாவில் நின்று, தெருவைப் பார்த்த தன் வீட்டு ஜன்னலையே வெளிப்பக்கமிருந்து படம் எடுத்தாள். ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் கட்டடம் பார்க்கச் சகிக்காது. ஆகவே படத்தைப் பதினாறு துண்டாக வெட்டி, பதினாறையும் ஒரே பிளாக்கின் முகங்களாகப் போட்டாள். பிளாக்கை வைக்கும் ஒவ்வொரு தடவையும் எந்த முகம் வர வேண்டும் என்பதை விளையாட்டே குலுக்கிப் போடும். இரண்டு துண்டுகளில் மட்டும் எதிர்வீட்டுக் கீழ்த்தளத்தின் சலவைக் கடைப் பலகை பிரதிபலித்து, எழுத்துகள் விழுந்திருந்தன. ஒன்றில் கடைப் பெயரும் தெருப் பெயரும், இன்னொன்றில் 'சலவை' என்ற சொல்லும் போன் நம்பரும். அவற்றைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். மறுபடி வெட்ட யார் உட்காருவது என்று, இருநூறு தடவைக்கு ஒரு தடவை வருகிற மாதிரி வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

இப்போது திரையில் அந்த ஜன்னல் நின்றது. நாலுக்கு நாலு. பதினாறில் பதினான்கு துண்டுகள் அதனதன் இடத்தில். கண்ணாடியில் பிரதிபலித்த, போனைப் பிடித்த அவள் விரல்கள். மேலே தூரத்தில் நீலப் பட்டை போட்ட ஊர்த் தண்ணீர்த் தொட்டி. எதிர்வீட்டு மாடிக் கம்பி. கீழ் வரிசையில் இரண்டு கட்டம் மட்டும் காலி.

காலிக் கட்டத்தின் முன்னால் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். தலைக்கு மேல் 'விருந்தாளி' என்று பெயர். ஒரு பிளாக்கை வைத்தான். வானத் துண்டு வந்தது. உடைத்தான். மறுபடி வைத்தான். கம்பித் துண்டு. உடைத்தான். அவசரம் இல்லாமல், பல்லில் சிக்கியதைக் குத்தி எடுப்பவன் மாதிரி செய்துகொண்டிருந்தான்.

அவன் பேசினானா என்று மகளைக் கேட்டாள். நீ யார் வீட்டுப் பிள்ளை என்று எழுதிக் கேட்டானாம். வெளியாளிடம் பதில் பேசக்கூடாது என்று அம்மா சொன்னதால் சும்மா இருந்தாளாம். அதற்கப்புறம் அவன் எழுதியது இன்னும் திரையின் ஓரத்தில் கிடந்தது.

'உங்கம்மா பேரை மாத்திக்கிட்டா. கையை மாத்திக்கலையே.'

நத்தை பிளாக்குகளின் மூலைகளைப் பார்த்தாள்.

அவள் செய்யும் எல்லா பிளாக்கிலும் இடது கீழ் மூலையில் இரண்டு ஆரஞ்சுப் புள்ளி இருக்கும். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த பழக்கம். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த புருஷன் அது என்ன என்று கேட்டான். என் கையெழுத்து என்றாள். அப்போது சிரித்தான். அப்புறம் சிரிப்பது குறைந்தது. பதினான்கு மாதத்துக்கு முன்னால், இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு, மகளையும் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு அவள் ஊரைவிட்டே வந்தாள். அவன் அவர்களைத் தேடக்கூடாது, போன் பண்ணக்கூடாது, பக்கத்தில் வரக்கூடாது என்று நீதிமன்றம் எழுதிக் கொடுத்தது. பேரை மாற்றினாள், போனை மாற்றினாள், முடியைக்கூட வெட்டிக்கொண்டாள். அந்த இரண்டு புள்ளியை மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை.

விருந்தாளி வைத்தான். உடைத்தான்.

மகளைக் கதவுத் தாழ்ப்பாளைப் போடச் சொன்னாள். திரைச்சீலையையும் இழுத்துவிடச் சொன்னாள். ஏன் என்று கேட்க வாயெடுத்த பெண், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்ச் செய்தாள்.

பிளாக்கையே அழித்துவிடலாம். ஆனால் ஜன்னல் காணாமல் போன அந்த நொடியே, சரியான இடத்தில்தான் தோண்டிக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். பதினான்கு துண்டையும் அவன் படம் பிடித்து வைத்திருப்பான். ஆற அமர உட்கார்ந்து தேடுவான். இந்த ஊரில் இல்லையென்றால் அடுத்த ஊரில். அவன் அப்படித்தான், தொலைந்த பேனா மூடிக்கு வீட்டையே கவிழ்ப்பவன்.

அவன் தேடுவது கிடைக்க வேண்டும். நான் கொடுப்பதாக இருக்க வேண்டும்.

அவள் வழக்கைப் பார்க்கும் பெண் காவல் ஆய்வாளரைப் போனில் அழைத்தாள். நடந்ததைச் சொன்னாள். விருந்தாளி என்ற பெயரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, அவனே தன் போனிலிருந்து ஒரு தடவை தேடினான் என்று காட்டிவிட்டால் போதும், தூக்கி உள்ளே வைத்துவிடலாம் என்று ஆய்வாளர் அலுத்துக்கொண்டார். இதைப் போன மூன்று தடவையும் சொல்லியிருக்கிறார்.

"மேடம், அவனுக்குத் தெரியாத நம்பர் ஏதாவது உங்ககிட்ட இருக்கா? சலவைக் கடைப் பலகையில எழுதிப் போடற மாதிரி."

"எழுதிக்கோ," என்றார் ஆய்வாளர்.

தன் கணினியில் அந்த இரண்டு துண்டுப் படத்தையும் திறந்தாள். கடைப் பெயர் இருந்த துண்டில் வெயில் பட்டுக் கண் கூசுகிற மாதிரி வெள்ளையை இழைத்தாள். பெயர், தெரு இரண்டும் வெளுத்துப்போயின. மற்றதில் பழைய எண்களைச் சுரண்டிவிட்டுப் பலகையின் மஞ்சளைப் பூசி, புது எண்களை ஒவ்வொன்றாக வரைந்தாள். மணிக்கட்டு வலித்தது. ஏழு ஒன்று மாதிரி விழுந்தது. அழித்து வரைந்தாள். பக்கத்தில் மகளின் திரையில் வைப்பதும் உடைப்பதும் ஓயவில்லை.

முடித்துவிட்டுப் பார்த்தாள். ஏதோ இடித்தது. எண்கள் அழகாக, நேராக இருந்தன.

நேராக.

கண்ணாடியில் தெரிகிற பலகையில் எழுத்து திரும்பியல்லவா இருக்கும். இந்தத் துண்டு இப்படியே போயிருந்தால், பார்த்த மாத்திரத்தில் அவன் பொய்யென்று கண்டுகொண்டிருப்பான். எண்களை இடவலமாகப் புரட்டிப் போட்டாள். அவசரத்தில் அந்த ஆரஞ்சுப் புள்ளி போய்விட்டதா என்று பார்த்துக்கொண்டாள். இருந்தது. இப்போது அது இருக்கத்தான் வேண்டும்.

புது முகங்கள் வேலைக்கு வர வேண்டுமானால் சர்வரை ஒருமுறை நிறுத்தி எழுப்ப வேண்டும். அது மேஸ்திரி கையில் இருக்கிறது. சர்வரின் சொந்தக்காரரை எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள். உண்மையில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர், வாழ்நாளில் ஒரு செங்கல் எடுத்து வைத்ததில்லை. முதல் அழைப்பை எடுக்கவில்லை. இரண்டாவதையும். மூன்றாவதில் காற்றிரைச்சலோடு குரல் வந்தது.

"தங்கச்சி, நான் ஒரு லிஃப்டுக்கு மேல நிக்கிறேன். உள்ள ரெண்டு பேர் மாட்டிக்கிட்டு என் பரம்பரையையே திட்டிக்கிட்டிருக்காங்க. சாயங்காலம் பண்ணட்டுமா?"

"இப்பவே பண்ணுங்கண்ணே. ஏன்னு கேக்காதீங்க."

அவர் கேட்கவில்லை. அவள் குரலில் அவருக்கு என்ன கேட்டதோ, போனிலிருந்தே செய்துவிடுவதாகச் சொன்னார். மாட்டிக்கொண்டவர்கள் இன்னும் ஒரு நிமிஷம் திட்டட்டுமாம்.

திரையின் மேல் வரி ஓடியது. சர்வர் அறுபது வினாடியில் நின்று எழும். ஐம்பது. நாற்பது. விருந்தாளியும் அதைப் படித்திருக்க வேண்டும். இதுவரை ஆற அமர வைத்தவன் இப்போது வேகம் பிடித்தான். வை, உடை, வை, உடை. நத்தை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். இருபது. பத்து. மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாலு என்று வந்தபோது அவன் ஒரு பிளாக்கை வைத்தான். உடைக்கவில்லை.

அவள் பார்வைக்கு அவன் உருவம் குறுக்கே நின்றது. என்ன முகம் வந்தது என்று தெரியவில்லை. மூன்று. இரண்டு. அவன் கிட்டே போய்க் குனிந்தான். திரை கறுத்தது.

மறுபடி ஜன்னல் எழுந்தபோது ஒரு கட்டம்தான் காலியாக இருந்தது. மற்றதில் வெயில் கூசியது. அவள் வெளுக்கவைத்த துண்டு.

அப்படியானால் அந்த நாலு வினாடி அங்கே நின்றது நிஜப் பெயர். நிஜத் தெரு. இடவலம் புரண்ட எழுத்தை ஒரு மனிதன் எத்தனை வினாடியில் படிப்பான்?

விருந்தாளி அந்தத் துண்டின் முன்னால் அசையாமல் நின்றான். அவன் எழுதவில்லை, உடைக்கவில்லை. படித்திருந்தால் போய்விடுவான். போகாமல் நிற்கிறான். நிற்பதால் படிக்கவில்லை என்று அர்த்தமா, படித்ததைச் சுவைக்கிறானா?

பிறகு மெதுவாக அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தான். வைத்தான். உடைத்தான்.

முக்கால் மணி நேரம் போனது. பன்னிரண்டே காலுக்கு எண்கள் வந்தன. ஜன்னல் முழுசானது. விருந்தாளி ஒரு சுற்று சுற்றி வந்தான். போகும்போது ஒரு வார்த்தை எழுதினான்: 'வரேன்.'

பெயர் அணைந்தது.

இரண்டு பையிலும் துணியை அமுக்கி வாசல் பக்கம் வைத்தாள். மகளைச் செருப்புப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். வெளியே போகவும் பயம், உள்ளே இருக்கவும் பயம். மாடிப்படியில் யாரோ ஏறி வந்தார்கள். இருவரும் கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்து காலடியை எண்ணினார்கள். அது அவர்கள் கதவைத் தாண்டி மேலே போனது. மகள் ரகசியக் குரலில், நான் அந்த ஜன்னலைப் பார்த்தது தப்பா என்று கேட்டாள். நீ பார்த்தாயே, அதுதான் நல்லது என்று அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

ஒரு மணிக்குப் போன் அடித்தது. ஆய்வாளர்.

"உன் ஆள் போன் பண்ணான். சொந்த நம்பர்லேர்ந்து. சலவைக் கடையான்னு கேட்டான். ஆமான்னேன். எதிர்வீட்டுல ஒரு பொம்பளையும் பொண்ணும் குடியிருக்காங்களான்னு கேட்டான், உன் பழைய பேரையும் சொன்னான். எல்லாம் பதிவாகியிருக்கு. நேர்ல வாங்க, நல்லா வெளுத்துத் தரோம்னு ஸ்டேஷனுக்குப் பின்தெருவைச் சொன்னேன். வந்தான். பிடிச்சாச்சு."

நத்தை கட்டிலில் உட்கார்ந்தாள். அவன் தெருப் பெயரைப் படிக்கவில்லை. நாலு வினாடி அவனுக்குப் போதவில்லை. ஊரிலிருந்து வர எட்டு மணி நேரமாகுமே, இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று அப்போதுதான் உறைத்தது. கேட்டாள்.

ஆய்வாளர் குரலைத் தாழ்த்தினார்.

"பஸ்ஸுல வரலம்மா. நடந்தே வந்தான். கால்மணி நேரத்துல."

நாலு நாளாக இந்த ஊரில்தான் இருந்திருக்கிறான். தண்ணீர்த் தொட்டியை வைத்து ஊரைக் கண்டுபிடித்துவிட்டான். தொட்டிக்குக் கீழே இருக்கும் விடுதியில் அறை எடுத்து, அங்கே உட்கார்ந்துதான் வைத்ததும் உடைத்ததும். ஊர் கிடைத்துவிட்டது, தெரு மட்டும்தான் பாக்கி. இனி அவன் வெளியே வர வெகுநாளாகும், கதவைத் திறந்து நிம்மதியாகச் சாப்பிடு என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் போனை வைத்தார்.

மகள் செருப்பைக் கழற்றினாள். ஜன்னல் பக்கம் போய்த் திரைச்சீலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, திறக்கட்டுமா என்பது போலப் பார்த்தாள்.

நீலப் பட்டை போட்ட தொட்டி அந்தச் சீலைக்குப் பின்னால்தான் நிற்கிறது. இனி தினமும் அதைப் பார்த்தபடிதான் சமைக்க வேண்டும், துணி உலர்த்த வேண்டும். நத்தை பைகளில் ஒன்றைத் திறந்து, அமுக்கிய துணிகளை வெளியே எடுத்து மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.

"பாதி திற," என்றாள்.