மேட்டு லயத்துச் சுவர்

கோயில் படத்தில் கலசத்தை வெட்டினால் பழனியாண்டி ஆளையே வெட்டிவிடுவார் என்று அந்த ரப்பர் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் துஷ்யந்தி அந்தக் காரியத்தைத்தான் செய்யத் துணிந்தாள்.

எஹலியகொட டவுனில் ஜவ்பர் நானாவின் ஸ்டூடியோவில் அவளுக்கு வேலை. அடையாள அட்டைப் படமும் கல்யாண ஆல்பமுமாகவே காலம் போய்க்கொண்டிருந்தது. இந்த வருஷம்தான் அவள் பிறந்து வளர்ந்த தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டி, தேர்த் திருவிழா பேனருக்குப் படம் எடுக்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்தது. பேனரின் அடியில் அவள் பெயர் வரும். படம் சரிவராவிட்டால் கொழும்பிலிருந்து ஆள் வருவான், அவள் பெயர் வராது. "ரப்பர் காட்டுப் புள்ளைக்குக் கேமரா எதுக்கு?" என்று கேட்ட வாய்களெல்லாம் மறுபடி திறந்துகொள்ளும்.

கமிட்டித் தலைவர் பழனியாண்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோபுரம் அடி முதல் கலசம் வரை முழுசாக இருக்க வேண்டும், கம்ப்யூட்டரில் கை வைக்கக் கூடாது. அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் போன வருஷத்து நோட்டீஸ். கோபுரத்துக்குக் குறுக்கே போகும் கரண்ட் கம்பியை அழிக்கப் போன யாரோ ஒரு புண்ணியவான், கம்பியோடு ஒரு கலசத்தையும் சேர்த்து அழித்துவிட்டான். போதாததற்கு, பின்னால் அழகுக்கு ஒரு பனிமலையையும் வைத்துவிட்டான். மூன்று கலசக் கோபுரம் இரண்டு கலசத்தோடு பனியில் நின்றது. "உங்க ஆத்தாளுக்குக் குளிருதாம், கம்பளி வாங்கிக் குடுங்க" என்று அதே தோட்டத்தின் பக்கத்து டிவிஷன்காரர்கள் திருவிழா முடியும்வரை கேலி செய்தார்கள். பழனியாண்டிக்கு அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

துஷ்யந்தி காலை வெயில் சாய்வாக விழும்போதே போய்ப் படம் எடுத்தாள். நல்ல படம்தான். ஆனால் கம்பி மூன்று கலசத்தின் கழுத்தையும் அறுத்துக்கொண்டு போனது. பின்னால் நீலத் தண்ணீர் டாங்கி வேறு, கூப்பிடாமல் வந்த சம்பந்தி மாதிரி உட்கார்ந்திருந்தது. எங்கே நின்றாலும் இரண்டும் கூடவே வந்தன. மறுநாளே கோயிலுக்கு முன்னால் பந்தல் போட்டுவிட்டார்கள். திரும்ப எடுக்கவும் வழியில்லாமல் போயிற்று.

"வலது பக்கம் லயம் தெரியுது பாரு, முதல்ல அத வெட்டு," என்றார் ஜவ்பர் நானா, ஸ்கிரீனை எட்டிப் பார்த்து. "கோயில் படத்துல லயம் என்னத்துக்கு?"

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் அந்த வரிசை வீடுகள் படத்தில் வரக் கூடாதென்று கமிட்டியும் சொல்லியிருந்தது. அவளும் படத்தின் வலது ஓரத்தைப் பிடித்து உள்ளே இழுத்தாள். லயத்துச் சுவர் பாதி மறைந்தபோது கை நின்றுவிட்டது.

திருவிழாவுக்காக மேட்டு லயத்துக்குப் புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அந்த வெள்ளைச் சுவரில் கோபுரத்தின் நிழல் விழுந்திருந்தது. எடுக்கும்போது கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் இதைக் கவனிக்கவே இல்லை. சிற்பங்களின் விளிம்பு, அதற்கு மேலே மூன்று கலசங்கள், எல்லாம் தெளிவாக இருந்தன. கம்பி மட்டும் இல்லை. அது மெல்லிய கம்பி, அதன் நிழல் அவ்வளவு தூரம் எட்டவில்லை. டாங்கியின் நிழல் வேறெங்கோ புல்லில் விழுந்து தொலைந்திருந்தது.

வலது ஓரத்தைப் பழையபடி வெளியே தள்ளிவிட்டு, மேல் ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தாள். டாங்கி போயிற்று, கம்பி போயிற்று, கூடவே நிஜக் கலசங்களும் போயின. இடப்பக்கம் கோபுரம் படத்தின் உச்சியையும் தாண்டி மேலே போய்க்கொண்டே இருந்தது. வலப்பக்கம் அதன் மீதி, சுவரில் வந்து முடிந்தது. சின்னஞ்சிறு கோயில் எவ்வளவு பெரிசாகிவிட்டது!

"உனக்குப் பைத்தியமா புள்ள?" நானா தலையில் கை வைத்தார். "கோயிலுக்கே மொட்டையடிச்சிட்டே. அவங்க இனி என்ட கடைப் படி மிதிக்க மாட்டாங்க."

"மிதிப்பாங்க நானா. வெட்டாத படத்தையே பெரிசா பிரிண்ட் போட்டுத் தாங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

சேலைப் பெட்டி அட்டையில் 'ட' எழுத்து மாதிரி இரண்டு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போனாள். கமிட்டிக்காரர்களும் பூக்கட்ட வந்த பெண்களும் சுற்றி நின்றார்கள். தரையில் படத்தை விரித்து, அட்டைகளைச் சட்டம் போலப் பொருத்தி முதலில் லயத்தை மறைத்தாள்.

"நீங்க சொன்ன மாதிரி வெட்டுனா இப்படித்தான் மாமா இருக்கும்."

பழனியாண்டி முகத்தைச் சுளித்தார். "கம்பி தெரியுதே?"

"கம்பிய எடுத்தா கலசமும் போயிரும்," என்று மேல் அட்டையைக் கீழே தள்ளினாள்.

"ஏய், நிறுத்து!" அவர் எழுந்தேவிட்டார். "தலையில்லாத கோயிலக் கொண்டுபோய் ரோட்டுல கட்டச் சொல்றியா? போன வருஷம் ஒரு கலசத்தத் தொலைச்சானுக. நீ மூணையும் தொலைச்சிட்டே!"

சுற்றிலும் சிரிப்பு. இப்போது பின்வாங்கினால் ஆயுசுக்கும் பாஸ்போர்ட் படம்தான் என்று துஷ்யந்தி நினைத்துக்கொண்டாள்.

"தொலைக்கல மாமா. எங்க இருக்குன்னு பாருங்க," என்று வலது பக்க அட்டையை நகர்த்தினாள்.

சுவர் தெரிந்தது. மேட்டு லயத்தில் குடியிருக்கும் விஜயகலா கையிலிருந்த பூவைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஐயோ, இது எங்க வாசலு! மூணு கலசமும் எங்க சுவத்துல நிக்குது!"

பழனியாண்டி குந்தி உட்கார்ந்து, விரல் வைத்து எண்ணினார். நம்பாமல் மறுபடி எண்ணினார்.

"கம்ப்யூட்டர்ல ஒன்னும் பண்ணலியே?"

"ஆத்தா மேல சத்தியமா இல்ல. நீங்க அடிச்ச சுண்ணாம்பு, சூரியன் போட்ட நிழல்."

"கோயிலே எங்க வீட்டு மேல சாஞ்சிருக்கு," என்றாள் விஜயகலா. "இதப் போயி வெட்டச் சொன்னீங்களே!"

பழனியாண்டி எழுந்து வேட்டியை உதறினார். "சரி, அப்படியே போடு." நாலடி போனவர் திரும்பினார். "புள்ள பேரையும் கொட்ட எழுத்துல போடு."

பேனர் சந்தியில் ஏறிய அன்று பஸ்கள் மெதுவாகப் போயின. மேட்டு லயத்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்து அவரவர் கதவைத் தேடினார்கள். பக்கத்து டிவிஷன்காரர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அடியில் தன் பெயரைப் பார்த்த துஷ்யந்திக்குச் சத்தம் போட்டுக் கத்த வேண்டும் போலச் சந்தோஷம். "மேல வெட்டச் சொன்னதே நாந்தான்," என்று பழனியாண்டி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

திருவிழா முடிந்ததும் அவரே ஸ்டூடியோவுக்கு வந்தார். கோயிலில் மாட்ட அதே படத்துக்குச் சட்டம் போட வேண்டுமாம். ஜவ்பர் நானா அளந்து பார்த்தார்.

"படம் கொஞ்சம் பெரிசா இருக்கே. லயத்துப் பக்கம் ஓரத்துல துளி வெட்டட்டுமா?"

"கைய வெட்டிப்புடுவேன்!" என்றார் பழனியாண்டி.