காலையில் மேற்கே போனவன்

வேலங்காட்டுப்பாளையத்தைத் தினமும் காலை ஏழு மணிக்குக் கிழக்கே சாய்ப்பார்கள். மாலை ஆறு மணிக்கு மேற்கே. இதற்கென்றே நகராட்சியில் நாற்பது ஜாக்கிகளும் நாற்பது ஆட்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஊர் மட்டமாக இருக்கும். அன்றைக்கு யாரும் எங்கும் போக மாட்டார்கள்.

எல்லாம் பெட்ரோல் விலை செய்த வேலை. விலையில் இலக்கம் கூடக்கூடப் பங்க் வாசலில் இருந்த பலகையை நீட்டிக்கொண்டே போனார்கள். அது இப்போது பக்கத்து வீட்டுச் சமையலறையில் போய் முடிகிறது. அந்த வீட்டுக்காரர்கள் கடைசிப் பூஜ்யத்தில் கரண்டி மாட்டுகிறார்கள்.

பெட்ரோல் தீர்ந்தால் ஸ்கூட்டரை ஒருபக்கமாகச் சாய்த்து, டேங்கின் மூலையில் கிடக்கும் மிச்சத்தை இன்ஜினுக்கு வரவைப்பது இந்த ஊர்க்காரர்களுக்குக் கைவந்த கலை. நகராட்சி இன்ஜினியர் ஒருநாள் நடுரோட்டில் அப்படிச் சாய்த்துக்கொண்டிருந்தார். வண்டியை மட்டும் ஏன் சாய்க்க வேண்டும், ஊரையே சாய்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதோடு விடாமல் சாய்த்தும் விட்டார்.

வீடுகள் பெரும்பாலும் மேற்கே. மில்களும் தறிக்கூடங்களும் கிழக்கே. ஆகவே காலையில் எல்லோரும் இன்ஜினைத் தொடாமலே வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள், மாலையில் அதேபோல் வீட்டுக்கு. ஷோரூம்களில் இன்ஜின் இல்லாத கார்கள் வந்தன. இன்ஜின் இருந்த இடத்தில் அரிசி மூட்டை வைத்துக்கொள்ளலாம். கனமான வண்டி நன்றாக உருளும் என்பதால் குண்டானவர்களுக்குத் திடீர் மவுசு. பின்சீட்டில் உட்கார வரச்சொல்லி அவர்களிடம் கெஞ்சினார்கள். ஒல்லியானவர்கள் ஆட்டுக்கல்லைக் கட்டிக்கொண்டு போனார்கள். ஓட்டல்களில் தோசை கிழக்கே நீண்டு வந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

வெள்ளியங்கிரி மட்டும் வீடும் வேலையும் கிழக்கே வாய்த்தவன். முப்பத்தேழு வயது, தறிக்கூடத்தில் மேஸ்திரி. அவனிடம் ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது. அதைப் பெண் பார்க்கப் போகும்போது மட்டும்தான் வெளியே எடுப்பான். மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று இப்போதெல்லாம் யார் கேட்கிறார்கள்? வண்டி லிட்டருக்கு எத்தனை கொடுக்கும் என்றுதான் கேட்கிறார்கள். அவனுடையது முப்பத்தெட்டு கொடுத்தது. பதினேழு வீட்டில் ஜன்னல் வழியாக ஸ்கூட்டரைப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை.

பதினெட்டாவது பெண் மேற்குக் கோடியில் இருந்தாள். பெயர் தெய்வானை. நல்ல நேரம் காலை பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை.

தரகர் அர்த்தநாரி பையைக் கவிழ்த்து உதறிக் காட்டினார். “இதுக்கப்புறம் பையில போட்டோ இல்ல தம்பி. இந்த எடமும் போச்சுன்னா என்னய மறந்துருங்க.”

வெள்ளியங்கிரி காலிப் பைக்குள் எட்டிப் பார்த்தான். இனிமேல் தனியாகத்தான் சாப்பிட வேண்டும் என்று நினைத்தாலே அவனுக்குப் பயமாக இருந்தது.

“காலைல ஊரு இந்தப் பக்கம் சாஞ்சிருக்குமேங்ணா. மேக்கால எப்படிப் போறது?”

“அதுக்கு ஆபீஸ் இருக்குது.”

ஆபீஸ் இருந்தது. சரிவுப் பிரிவு என்று வாசலில் எழுதியிருந்தது. உள்ளே ஒரு அம்மாள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மேசைக்கால்களில் சக்கரம். பேசப்பேச மேசை மெல்லக் கிழக்கே நகர்ந்தது. அவனும் கூடவே நடந்தான்.

“எங்க போகோணும்?”

“மேக்கால வீதிக்குங்க மேடம். பொண்ணு பாக்க.”

“காலைல மேக்கால கெடையாதுங்க.”

“பொண்ணு அங்கதானுங்க இருக்குது.”

“சாயங்காலம் போங்க.”

“நல்ல நேரம் காலைலதானுங்களே.”

“நல்ல நேரம் வேற செக்‌ஷன்.”

அன்றைக்கு ஒருநாள் மட்டும் காலையில் ஊரை மேற்கே சாய்க்க வேண்டி அவன் ஒரு மனு எழுதிக் கொடுத்தான். இதற்கு முன் காலையில் மேற்கே போய்வந்த ஒருவரிடம் கையெழுத்து வாங்கி வரச்சொன்னாள். அப்படி யாரும் இல்லை என்றான். அந்த யாருமில்லாதவரிடமே வாங்கலாம், ஆனால் அவர் லீவில் இருக்கிறார் என்றாள். பிறகு மனது இளகி அவனை எடை மெஷினில் ஏறச்சொன்னாள்.

“அம்பத்தெட்டு கிலோ. இத வெச்சு ஊரத் திருப்ப முடியாதுங்க.”

“எத்தன கிலோ வேணுமுங்க?”

“ஊரோட எடைக்கு மேல ஒரு கிலோ.”

அதற்குள் மேசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. அந்த அம்மாள் கோப்புகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சரிவில் உருண்டு போனாள். அப்படித்தான் அவள் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் போவது வழக்கம்.

மறுநாள் காலை வெள்ளியங்கிரி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நகைக்கடைக்குப் போனான். பெட்ரோல் இப்போது அங்கேதான் கிடைக்கிறது. உட்கார வைத்துக் குடிக்கக் கலர் கொடுத்தார்கள். சிவப்பு வெல்வெட் பெட்டியில் மூன்று சொட்டு தந்தார்கள். அவன் அதை டேங்கில் விட்டு உதைத்தான். ஸ்கூட்டர் மூன்று தெரு ஏறிவிட்டு நின்றது. சொட்டுக்கு ஒரு தெரு.

அதற்குப் பிறகு தள்ளினான். ஸ்கூட்டரை விட்டுவிட்டு நடந்தே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நடந்து வந்த மாப்பிள்ளையை வாசற்படியிலிருந்தே அனுப்பிவிடுவார்கள் என்று அர்த்தநாரி சொல்லியிருந்தார். அந்த அர்த்தநாரி பின்சீட்டில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொண்ணூற்றிரண்டு கிலோ.

“அண்ணா, கொஞ்சம் எறங்குனீங்கன்னா...”

“தரகன் நடந்து வந்தா பொண்ணு வூட்ல என்ன நெனைப்பாங்க?”

இவன் முதுகு வளைத்துத் தள்ளினான். ஊர் முழுக்க எதிரே உருண்டு வந்துகொண்டிருந்தது. மில் மேனேஜர் நாலு சக்கரம் வைத்த சோபாவில் பேப்பர் படித்தபடி போனார். பால்காரர் மாட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு சீறினார். யாராலும் நிற்க முடியாததால் எல்லோரும் பாதிப் பாதியாகப் பேசினார்கள்.

“வெள்ளியங்கிரி, உங்க அத்தைக்கு...” என்று ஒருவர் போய்விட்டார்.

“என்னுங்க ஆச்சு?” என்று கத்தினான்.

“...பேரன் பொறந்துருக்கான்!” என்றார் அடுத்து வந்தவர். அவர் யாரென்றே இவனுக்குத் தெரியாது.

ஊர் மேலே போகப்போக நீண்டது. முதலில் ஆறு தெருக்கள் இருந்தன. ஆறையும் கடந்தபின் ஒன்பது பாக்கி இருந்தன. மணி பதினொன்று இருபது. வேட்டி முட்டிக்கு மேல் ஏறிவிட்டது, சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. அவனுக்கு அழுகை வந்தது. இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்ததால் துடைக்க முடியவில்லை.

அப்போது தெருவின் உச்சியில் ஒரு கூடம் வந்தது.

வீட்டுக் கூடம்தான். சோபா, டீப்பாய், நல்ல நேரம் போட்ட காலண்டர், சுவர்க் கடிகாரம், பின்பக்கம் பூப்போட்ட திரை தொங்கும் ஒரு நிலை. மற்ற அறைகளை மேற்கிலேயே விட்டுவிட்டுக் கூடம் மட்டும் எட்டுச் சக்கரத்தில் இறங்கி வந்தது. சோபாவில் ஒரு பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை பார்க்கப் போவது அவர் வம்சத்திலேயே கிடையாது.

“நான் வரலீங்க,” என்று துண்டுக்குள்ளிருந்து சொன்னார். “கூடந்தான் வருது.”

முறைப்படி திரை விலகியது. முறைப்படி ஒரு பெண் பஜ்ஜித் தட்டோடு வந்தாள். தலை குனியவில்லை. சரிவுக்குத் தகுந்தபடி உடம்பைச் சாய்த்து, தட்டை மட்டும் மட்டமாகப் பிடித்திருந்தாள்.

“நீங்கதானுங்களா வெள்ளியங்கிரி?”

“ஆமாங்க.”

“இன்னும் எட்டு நிமிசந்தான் இருக்குது. ஏறுங்க. இதுல பிரேக் இல்லீங்க.”

“என் வண்டி...”

“எடமில்லீங்க.”

கூடம் பக்கத்தில் வந்துவிட்டது. தெய்வானை தட்டை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையை நீட்டினாள். வெள்ளியங்கிரி ஸ்கூட்டரைப் பார்த்தான். அர்த்தநாரியைப் பார்த்தான். அர்த்தநாரி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவன் இரண்டு கையையும் எடுத்துவிட்டான்.

ஸ்கூட்டர் அன்றைக்கு ஓடிய ஓட்டம் அதை வாங்கிய நாளிலிருந்து ஓடியதில்லை. “கமிஷன்!” என்று ஒரு சத்தம் கேட்டது. குடை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

இவன் சோபாவில் வந்து விழுந்தான். தெய்வானை எதிரே நின்றாள். அந்தக் கூடத்துக்கு ஜன்னல் இல்லை, வெளியே எட்டிப் பார்க்க வண்டியும் இல்லை. அவள் அவனையே பார்த்தாள். நெற்றியை, ஈரமான மீசையை, முட்டிக்கு மேல் ஏறிய வேட்டியை, எல்லாவற்றையும் அவசரப்படாமல் பார்த்தாள். பதினேழு வீட்டில் யாரும் அவனை இத்தனை நேரம் பார்த்ததில்லை. அவனுக்குச் சந்தோஷம் தாங்காமல் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. கூடம் தறிக்கூடத்தைத் தாண்டியது. தறியில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பெரியவர் துண்டை விலக்காமலே கேட்டார். “என்ன வண்டி வெச்சிருக்காராம்?”

“இல்லீங்கப்பா. விட்டுட்டாரு.”

“விட்டுட்டாரா?”

“எனக்குப் புடிச்சிருக்குதுங்கப்பா.”

கடிகாரம் பதினொன்றரை அடித்தது. ஊர் எல்லைக் கல் வந்தது, போனது. அதற்கப்பால் சோளக்காடு ஆரம்பித்தது. அங்கே சாய்க்க நகராட்சி கிடையாது. ஆனாலும் சரிவு நிற்கவில்லை, கூடம் இன்னும் வேகம் பிடித்தது.

“மண்டபம் எதுன்னு பேச வேண்டாமா?” என்றார் பெரியவர்.

வெள்ளியங்கிரி தெய்வானையைப் பார்த்தான். அவள் நீ சொல் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

“சரிவு எங்க முடியுதோ அங்க வெச்சுக்கலாமுங்க மாமா,” என்றான்.

பெரியவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முதல்முறையாக அவனைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி, சோளக்காட்டில் வீசி எறிந்தார்.