மச்சினியின் தட்டில் என் இதயம்

1

இந்தக் கதை என் ரத்தத்திலிருந்து வந்தது. அலங்காரமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஒரு சின்னக் குப்பி ரத்தம். என் மனைவியின் தங்கை, உயிரணு ஆராய்ச்சியில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள், கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். எனக்கு இதயத் தசை தடித்துக்கொண்டே போகும் பரம்பரை நோய். என் ரத்த அணுக்களைப் படிப்படியாக இதய அணுக்களாக மாற்றி, அவற்றில் புதிய மருந்துகளைச் சோதிப்பதுதான் அவள் ஆய்வு.

(இந்தப் பத்தி பாடப்புத்தகம்போல இருக்கிறது. தெரியும். இனி இருக்காது.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘ஆய்வகத்தின் வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே, யாருமற்ற தனிமையில் அவள்...’

வாசித்துக் காட்டினேன். மச்சினி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“தனிமையா? எங்க லேப்ல உக்கார இடம் கிடைக்காது மாமா! மைக்ரோஸ்கோப்புக்கு நாங்க போடுற சண்டையை எழுதுங்க.”

வாக்கியத்தை அடித்துவிட்டேன்.

3

சோகமும் இருந்தது. இரண்டு முறை அணுக்கள் செத்துப்போயின. ஒருமுறை பூஞ்சை பிடித்து, மறுமுறை காரணமே தெரியாமல். “உங்க செல்லுக்கும் உங்களை மாதிரியே பிடிவாதம்” என்று போனில் சொன்னாள். பட்டம் கைநழுவுமோ என்று அவளுக்குப் பயம். என் பயம் வேறு. என் மகளுக்கும் இது...

(முடிக்க வரவில்லை. இந்த நோய் அவளுக்கும் வரலாம் என்பதைச் சந்தோஷமான கதையில் எங்கே வைப்பது? சரி, இங்கேயே இருக்கட்டும்.)

4

மூன்றாம் முறை, ஒரு காலையில், போனில் ஒரே கூச்சல்: “துடிக்குது மாமா! அக்காவைக் கூட்டிட்டு ஓடி வாங்க!”

ஓடினோம். நுண்ணோக்கியில் பார்த்தேன். கண்ணாடித் தட்டில் மங்கலான ஒரு திட்டு சுருங்கியது, விரிந்தது, மறுபடி சுருங்கியது. தாளம் தப்பியிருந்தது. ஆனாலும் என் உடம்புக்கு வெளியே, என்னைக் கேட்காமலே, துடித்தது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மனைவி என்னைத் தள்ளிவிட்டுக் குனிந்தாள்.

“இத்துனூண்டா? இதுக்குள்ளயா இத்தனை வருஷமா நான் குடியிருக்கேன்?”

லேபே சிரித்தது. மலேரியாக் கிருமியோடு மல்லுக்கட்டும் மாணவன் (பட்டப்பெயர் ‘கொசு’) எழுந்து வந்து கை குலுக்கினான். “வாழ்த்துகள் சார். ஸ்பேர் ரெடி!”

5

கதைக்கு இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். மருந்து பட்டதும் தாளம் சீராகிறது. அல்லது, ஆகவில்லை, மச்சினி அடுத்த மருந்தை எடுக்கிறாள்.

“ரெண்டும் வேணாம்” என்றாள். “ரிசல்ட் வராம முடிவு எழுதினா, எங்க லேப்ல அதுக்குப் பேரு மோசடி.”

ஆகவே, நடந்தவரை மட்டும். மருந்து விட்ட அன்று மகளையும் அழைத்துப் போனேன். முதலில் தான்தான் பார்ப்பேன் என்று அடம்பிடித்தாள். துடிப்பு சீரானதா என்று கணினி அளந்து சொல்ல இன்னும் வாரக்கணக்கில் ஆகும். அவளுக்கு அந்தப் பொறுமை ஏது? நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். “அப்பா...” என்றாள்.

அடுத்து அவள் சொன்னதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சிரித்துக்கொண்டே சொன்னாள் என்பதை மட்டும் மாற்றாதீர்கள். அது நான் கண்ணால் பார்த்தது.