புனித வெள்ளியில் கடல் குளியல்

புனித வார விடுமுறைக்குப் புந்தரேனாஸ் கடற்கரைக்குப் போவதென்று என் கணவர் எவெலியோ முடிவு செய்தார். அத்தோடு அவர் வேலை முடிந்தது. எங்கள் ஊர் கார்த்தாகோவிலிருந்தே அண்டா, அடுப்பு, அரிசி, பீன்ஸ், மீன் டின் எல்லாவற்றையும் நான் கட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கே அவருடைய அக்கா குடும்பத்துக்கும் சேர்த்து நானே பொங்கிப் போட வேண்டும்.

"இந்தத் தடவை வெள்ளிக்கிழமை அடுப்புப் பக்கமே வரமாட்டேன். பொழுதன்னைக்கும் கடல்லதான் கிடப்பேன்," என்றேன் சாமான்களைக் கட்டிக்கொண்டே.

வந்திருந்த அவர் அக்கா மரியெலோஸ் பதறிப்போய்ச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "அடிப் பாவி! ஏசு செத்த நாள்ல கடல்ல இறங்கினா மீனாப் போயிடுவேடி!"

"போன வருஷம் வியாழக்கிழமை பூரா நீங்க கடல்ல ஊறினீங்க அண்ணி. நான் வெங்காயம் உரிச்சேன். வெள்ளிக்கிழமை எல்லாரும் கரையில சும்மா உக்காந்துக்கிட்டு, நேரத்துக்கு நேரம் தட்ட நீட்டுனீங்க. அன்னைக்கும் நான்தான் வெந்தேன்."

"யமிலெத், வாய அடக்கு," என்றார் எவெலியோ. "பெரியவங்க சொன்னதெல்லாம் பொய்யா?"

கையிலிருந்த கரண்டியை அண்டாவுக்குள் வீசினேன்.

"நிஜமாவே இருக்கட்டும். மீனாவே போயிடுறேன். எந்த மீனும் நாத்தனார் குடும்பத்துக்குப் பொங்கிப் போடுறதில்ல."