வாசல் சோதனை

மாலைச் சங்கு ஊதியதும் தையல் கூடத்துப் பெண்கள் வாசலில் வரிசை கட்டினார்கள். வாசலை ஒட்டி இரண்டு பச்சைத் திரைகள். திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போய்க் கையை விரித்து நிற்க வேண்டும். காவல் நிறுவனத்துச் சட்டை போட்ட பெண் தோளிலிருந்து கணுக்கால்வரை தடவிப் பார்ப்பாள். துணி, நூல், பட்டன் எதுவும் வெளியே போகக் கூடாது.

முதல் திரையில் சோதனை செய்பவளுக்கு இருபது வயது. கல்லூரியில் கடைசித் தேர்வை இரண்டு முறை தள்ளிவைத்தார்கள். பிறகு தேதியே சொல்லவில்லை. கிடைத்தது இந்த வேலைதான், அதுவும் மாதத்துக்கு மாதம் புதுப்பிப்பது. அவள் அம்மா அதே கூடத்தில் காலர் தைக்கிறாள். தெருவில் கேட்டவர்களிடம் அப்பா, "பொண்ணுக்குக் கம்பெனியில ஆபீஸ் வேலை" என்று சொல்லிவைத்திருந்தார்.

"மெதுவா தடவு கண்ணு. எங்க வீட்டுக்காரர்கூட இவ்வளவு அக்கறையாப் பார்த்ததில்ல," என்றாள் ரேடியோ அக்கா. வாய் ஓயாததால் வந்த பெயர். வெளியே வரிசை சிரித்தது.

அம்மா எப்போதும் இரண்டாவது திரைக்குத்தான் போவாள். பெற்ற பெண் முன்னால் கையைத் தூக்கி நிற்க அவளுக்கு மனம் வந்ததில்லை.

வரிசை முடிந்ததும் மேற்பார்வைக்காரி மகளைக் கூப்பிட்டாள்.

"மாசம் முடியப்போகுது. உன் திரையில ஒருத்திகூட மாட்டல."

"யாரும் எதையும் எடுக்கல மேடம்."

"எடுக்காம இருப்பாங்களா? பக்கத்துல நிக்கிறவ மூணு பேரைப் பிடிச்சிருக்கா. சும்மா நிக்கிறதுக்கா சம்பளம்னு மேல கேக்கறாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அப்புறம் வேற பொண்ணு வரும்."

வீட்டில் பாத்திரம் துலக்கும்போது மகள் இதை அம்மாவிடம் சொன்னாள். உள்ளே இருந்த அப்பாவுக்கும் கேட்டது.

"போனாப் போகட்டும். அடுத்தவ சோத்துல மண்ணைப் போட்டு நம்ம பொண்ணு சம்பளம் வாங்க வேண்டாம். நம்ம வீட்டுல யாரும் அப்படிப் பிழைச்சதில்ல."

அவர் வேலை பார்த்த பட்டறை மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மா கரித்துணியைப் பிழிந்து ஓரமாக வைத்தாள்.

"ஆமா. அடுத்தவ சோத்துல போட வேண்டாம்," என்றாள்.

வெள்ளிக்கிழமை அம்மா முதல் திரையின் வரிசையில் வந்து நின்றாள்.

"என்ன, மகாராணி இன்னைக்கு இந்தப் பக்கம்?" என்றாள் ரேடியோ அக்கா. அம்மா தன் முறை வந்ததும் உள்ளே போய்க் கையை விரித்தாள். மகள் பட்டும் படாமலும் தடவினாள். இடுப்பில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. சின்னப் பிளாஸ்டிக் பை. உள்ளே சட்டை பட்டன்கள். கையை இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, என்ன இது?"

"சத்தம் போடாத. எடு."

"எனக்கு இந்த வேலை வேண்டாம்மா."

"முதல் தடவைன்னா ஒரு நாள் கூலிதான் பிடிப்பாங்க. உன் வேலை போனா அடுப்பு எப்படி எரியும்?"

"வாசல் பலகையில திருடின்னு பேர் எழுதுவாங்க."

"எழுதட்டும். என் பேர்தானே?"

"நீ ஒரு ஊசிகூட எடுத்ததில்லன்னு எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். எடு, பின்னால ஆள் நிக்குது."

"என்ன அங்க, இவ்வளவு நேரம்?" மேற்பார்வைக்காரி திரையை விலக்கினாள். அதற்குள் பை மகளின் கைக்கு வந்திருந்தது.

மறுநாள் காலையில் காவல் பெண்களை நிறுத்திவைத்து மேற்பார்வைக்காரி பேசினாள். "பெத்தவளையே பிடிச்சிருக்கா. வேலைன்னா இப்படி இருக்கணும்." மகளுக்கு வேலை நீட்டிக்கப்பட்டது. இன்னும் ஒரு மாதம்.

வீட்டில் யாரும் அப்பாவிடம் சொல்லவில்லை. தெரு சொன்னது. அன்று தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் சாப்பிடாமலே கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோனார்.

பலகையில் பெயர் ஏறியவர்களுக்குச் சோதனை கூடுதல். செருப்பைக் கழற்ற வேண்டும், கொண்டையை அவிழ்க்க வேண்டும். பிடித்தவளே தினமும் பார்க்க வேண்டும் என்பது மேற்பார்வைக்காரியின் ஏற்பாடு. மாலையில் அம்மா வந்தபோது ரேடியோ அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாப் பாரு, திருடிப் பழகின கை," என்று மேற்பார்வைக்காரி திரையைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

அம்மா கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி உதட்டில் கவ்விக்கொண்டாள். நரையோடிய முடி முதுகில் சரிந்தது. மகள் பின்னால் நின்று, இரண்டு கை விரல்களையும் உள்ளே விட்டு, அடிமுதல் நுனிவரை கோதிப் பார்த்தாள். அவளுக்கு எட்டும்படி அம்மா தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கொடுத்தாள்.