ஓர் ஆமைக்கு வந்த அனுதாபம்

அவளுடைய கணவனின் தங்கை வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் விலங்கு மருத்துவமனை அது. அங்கிருந்த பழைய மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலை, மென்பொருள் எழுதத் தெரிந்த அவள் தலையில் விழுந்தது. “எங்க அண்ணி பாத்துப்பாங்க டாக்டர்” என்று நாத்தனார் வாக்குக் கொடுத்த பிறகுதான் அண்ணிக்கே விஷயம் தெரிந்தது.

பெரிய வேலையில்லை, பிடுங்கல் வேலை. எண்டரைத் தட்டினால் எந்தப் பட்டன் வேலை செய்ய வேண்டும் என்று புதிய மென்பொருளுக்குத் திரை திரையாகச் சொல்லித்தர வேண்டும். பார்த்த திரைகளிலெல்லாம் முதல் பட்டன் ‘சேமி’யாகவே இருந்ததால், முதல் பட்டனையே கொடுத்துக்கொண்டு போனாள். நோயாளி விவரத் திரையில் மட்டும் முதல் பட்டன் ‘இறந்தது’. எந்தப் புண்ணியவான் அப்படி வைத்தாரோ, அவள் கவனிக்கவில்லை. சோதித்தபோதும் மவுஸால்தான் அழுத்திப் பார்த்தாள்.

நாத்தனாருக்கும் மவுஸுக்கும் ஏழாம் பொருத்தம். கண் வந்தவர்கள் மேல் இருக்கும், வாய் நலம் விசாரிக்கும், விரல் அதுபாட்டுக்குத் தட்டச்சு செய்து முடித்து எண்டரில் ஒரு போடு போடும். புதிய மென்பொருள் வந்த அன்று தடுப்பூசிக்கு வந்தது, நகம் வெட்ட வந்தது, காது சொறிந்தது எல்லாவற்றையும் அப்படியே பரலோகம் அனுப்பிவைத்தாள். சாயங்காலம், மருத்துவமனையின் ஆழ்ந்த அனுதாபம் உரிமையாளர்களின் போனுக்குத் தானாகவே போய்ச் சேர்ந்தது.

மறுநாள் டாக்டர் கூப்பிட்டு அவள் ஓடியபோது, நாத்தனார் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “மடியிலதான் உக்காந்திருக்குதா? ஒண்ணும் செய்ய வேணாம் சார். அப்படியே இருக்கட்டும்.”

நேரில் வந்தவர் ஒருவர்தான். கையில் அட்டைப்பெட்டி, உள்ளே ஆமை.

“ஊசி போட்டுட்டுப் போனதுலேருந்து அசையவே இல்ல. எனக்கும் சந்தேகமாதான் இருந்துச்சு. உங்க மெசேஜ் வந்ததும் தோட்டத்துல குழி வெட்டிட்டேன். கடைசியா நீங்க ஒரு தடவை பாத்துடுங்க டாக்டர்.”

டாக்டர் வாலை லேசாகத் தொட்டார். ஆமை தலையை நீட்டி எல்லோரையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

“அப்ப அந்தக் குழி?”

“செடி ஏதாவது வைங்க” என்றார் டாக்டர், முகம் மாறாமல்.

ஆமைக்காரர் போனதும் டாக்டர் திரும்பினார். “இது யார் பண்ணின வேலை?”

“நான்தான் பாக்காம தட்டிட்டேன்” என்று நாத்தனார் முந்திக்கொண்டாள்.

அண்ணிக்குச் சுருக்கென்றது. “இல்ல டாக்டர். எண்டருக்குத் தப்பான பட்டனைக் கொடுத்தது நான்.”

“யாராவது ஒருத்தர் சரி பண்ணுங்க” என்று டாக்டர் உள்ளே போனார்.

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, நாத்தனார் வேலை செய்வதை முதல்முறையாகப் பக்கத்திலிருந்து பார்த்தாள். பிறகு எண்டரைச் ‘சேமி’க்கு மாற்றினாள். ‘இறந்தது’ என்பதை அழுத்தினால் ‘நிச்சயமாகவா?’ என்று கேட்கும். அங்கே எண்டர் தட்டினால் ‘இல்லை’ என்றே எடுத்துக்கொள்ளும்.

“நீ ஏன் பழியை ஏத்துக்கிட்ட?”

“உங்களை இழுத்துவிட்டதே நான்தானே அண்ணி. அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. சொல்லிக் காட்டியே கொன்னுடுவான்.”

“அவருக்குத் தெரியும். நேத்து நம்ம நாயும் தடுப்பூசிக்கு வந்துச்சே.”

“ஐயோ! மெசேஜ் பாத்துட்டு என்ன பண்ணினான்?”

“துக்கம்னு ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டாராம். நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போயிட்டு வந்து, காலையிலதான் என்கிட்டயே சொன்னார்.”